நூற்றுப் பத்தொன்பதாம் டோக்கன்

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு நாற்பத்திரண்டு.

குருவின் பெயர் ஷமீமா. நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு கட்டடக்கலைக் கல்லூரியில் வடிவமைப்புப் பாடம் எடுப்பவர். சீடர் செங்கோடன், அதே கல்லூரியில் கடைசி ஆண்டு மாணவர். கூடப் படிக்கும் பிள்ளைகள் அவரைச் சித்தப்பா என்று கூப்பிட்டார்கள். முதலில் கேலிக்குத்தான் கூப்பிட்டார்கள். அட்டையில் கட்டட மாடல் செய்யும்போது கத்தியில் விரலை வெட்டிக்கொண்ட பிள்ளைகளுக்கெல்லாம் அவரே கட்டுப் போட்டுவிட்டதால், பிறகு நிஜமாகவே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

படிக்க வருவதற்கு முன் பதினெட்டு வருடம் அவர் கட்டட வேலையில் இருந்தார். கம்பி கட்டினார். மேஸ்திரி ஆனார். மாலை நேரப் பாலிடெக்னிக்கில் படித்து சூப்பர்வைசர் ஆனார். ஒருமுறை ஒரு மருத்துவமனையின் வரைபடத்தில் மாடிப்படி தப்பாக இருந்தது. ஏறுகிறவர் தலை பீமில் இடிக்கும். இடிக்கும் என்று செங்கோடன் சொன்னார். வரைந்தவர் காரைவிட்டு இறங்காமலே, “நீ கம்பியைக் கட்டுய்யா” என்றார். கட்டினார். திறப்பு விழா அன்றே ஒரு நர்ஸுக்கு நெற்றி கிழிந்தது. அடுத்த வாரம் செங்கோடன் கல்லூரி விண்ணப்பம் வாங்கப் போனார்.

இப்போது அந்தப் படிப்பு ஊசலாடிக்கொண்டிருந்தது.

கடைசி ஆண்டில் ஒவ்வொருவரும் ஒரு பெரிய கட்டடத்தைத் தாமாகவே வடிவமைத்து, வரைந்து, மாடல் செய்து, வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர்கள் முன் நின்று பதில் சொல்ல வேண்டும். அதற்கு ஜூரி என்று பெயர். போன வருடம் செங்கோடன் ஒரு கலெக்டர் ஆபீஸ் வரைந்தார். அறை இருந்தது, தாழ்வாரம் இருந்தது, வெளிச்சம் இருந்தது, தலை எங்கும் இடிக்கவில்லை. தேர்வாளர் முதல் தாளைப் பார்த்தார். ‘கான்செப்ட் இல்லை’ என்று சிவப்பு மையில் எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

அந்தக் கல்லூரியின் விதிப்படி இரண்டாவது முறையும் தோற்றால் மூன்றாவது முறை கிடையாது. வெளியே போக வேண்டியதுதான். திரும்பக் கம்பி கட்டப் போவதில் செங்கோடனுக்கு வெட்கமில்லை. வாயை மூடிக்கொண்டு கட்டுவதை நினைத்தால்தான் வயிறு எரிந்தது.

இந்த வருடமும் அவர் கலெக்டர் ஆபீஸையே எடுத்தார். வழிகாட்டியாக ஷமீமாவைப் போட்டார்கள். முதல் நாளே செங்கோடன் கேட்டார்.

“மேடம், கான்செப்ட்னா என்னங்க?”

“உங்ககிட்ட என்ன இருக்கோ அதைக் கொண்டு வாங்க” என்றார் ஷமீமா.

அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம் இருந்தது. ஜூரியில் கான்செப்ட் தாளைத்தான் முதலில் மாட்டுவார்கள். ஆனால் அதைக் கடைசியில்தான் செய்வார்கள். கட்டடத்தை வரைந்து முடித்தபின் அது எதைப் போல் இருக்கிறது என்று தலையைச் சாய்த்துப் பார்ப்பார்கள். நத்தையைப் போல் இருந்தால் நத்தை. உடனே நத்தையிலிருந்துதான் கட்டடம் பிறந்தது என்று நான்கு படம் போட்டு அம்புக்குறி விடுவார்கள். தேர்வாளர்கள் தலையாட்டுவார்கள். அவர்களும் தங்கள் காலத்தில் நத்தை போட்டவர்கள்தானே.

செங்கோடன் நேர்மையான மனிதர். அதனால் நத்தையை முதலிலேயே தேடினார். அதுதான் அவர் செய்த தப்பு.

மூன்றாவது வாரம் ஒரு கொக்கோடு வந்தார். சிறகு விரித்த கொக்கு. ஒரு சிறகில் வருவாய்த் துறை, மறு சிறகில் வளர்ச்சித் துறை, அலகு நுனியில் கலெக்டர் அறை. வெள்ளை அட்டையில் மாடல் அழகாகத்தான் இருந்தது. பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

ஷமீமா மாடலை மேசையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார்.

“படுங்க செங்கோடன்.”

“எங்கீங்க மேடம்?”

“தரையிலதான். கன்னத்தைத் தரையோட வச்சு, வாசல் பக்கமாப் பாருங்க.”

நாற்பத்திரண்டு வயது மனிதர் வகுப்பறைத் தரையில் படுத்தார்.

“என்ன தெரியுது?”

“செவுருங்க.”

“கொக்கு?”

“அது மேலேயிருந்து பார்த்தாத்தானுங்க தெரியும்.”

“மேலே யார் இருக்கா?”

செங்கோடன் யோசித்தார். “நாந்தானுங்க இருந்தேன்” என்றார்.

ஷமீமா குனிந்து, மாடலின் முற்றத்தில் ஒட்டியிருந்த காகித மனிதர்களில் ஒருவரைத் தொட்டார். சக்கரக் காலணி போட்ட ஒரு வெள்ளைக்காரர். கையில் நாய்ச் சங்கிலி. பக்கத்தில் பலூனோடு ஒரு பெண்.

“இவர் யாரு?”

“இன்டர்நெட்ல எடுத்ததுங்க. எல்லாரும் ஒட்டுவாங்க மேடம்.”

“கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் வந்திருக்காரே. என்ன குறையாம்?”

“நாய்க்குப் பட்டா வேணுமாம் மேடம்” என்று பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னாள். வகுப்பே சிரித்தது. படுத்திருந்த செங்கோடனும் சிரித்துவிட்டார். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு கொக்கைத் தூக்கிப் போய் அலமாரியின் மேல் வைத்தார். அப்புறம் அதை எடுக்கவில்லை.

அடுத்த மாதம் ஒரு கையோடு வந்தார்.

“கொடுக்கும் கைங்க மேடம். அரசாங்கம்னா கொடுக்கணும் இல்லீங்களா? அஞ்சு விரல், அஞ்சு துறை. கட்டை விரல்ல கலெக்டர்.”

“சுண்டு விரல் நுனியில?”

“மாற்றுத்திறனாளிகள் நலத்துறைங்க. சின்னத் துறைதானே, சின்ன விரல்ல வச்சுட்டேன்.”

ஷமீமா அளவுகோலை எடுத்து வாசல் கேட்டிலிருந்து சுண்டு விரல் நுனிவரை அளந்தார்.

“இருநூத்திப் பத்து மீட்டர். நம்ம வராந்தா எவ்வளவு?”

“அறுபதுங்க.”

“மூணரைத் தடவை. ஒரு காலை மடக்கிக்கிட்டுப் போங்க. காலைக் கீழே வைக்கக் கூடாது.”

செங்கோடன் அவர் முகத்தைப் பார்த்தார். விளையாட்டு இல்லை என்று தெரிந்தது. வேட்டியாக இருந்தால் மடித்துக் கட்டியிருப்பார். பேண்ட்டைக் கணுக்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு, ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டு கிளம்பினார். வகுப்புகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. “சித்தப்பா, விடாதீங்க!” என்று ஒரு குரல். “சித்தப்பாவுக்கு மெடல் உண்டு!” என்று இன்னொன்று. ஒரு தடவை போய்ச் சேர்ந்தார். திரும்பி வரும்போது பாதியில் சுவரைப் பிடித்தார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சு ஏறி இறங்கியது.

ஷமீமா வந்து பக்கத்துப் படியில் உட்கார்ந்தார்.

“இன்னும் நூத்தி இருபது இருக்கு” என்றார்.

செங்கோடன் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு வகுப்பறைக்குப் போய், மாடலின் சுண்டு விரலை ஒடித்தார். நின்று பார்த்தார். மற்ற நான்கையும் ஒடித்தார்.

“ஒவ்வொண்ணா ஒடைக்கிறதுக்கா மேடம் நான் வந்தேன்?” ஒடித்த விரல்களை மேசைமேல் போட்டார். “ரெண்டரை மாசந்தான் இருக்கு. இந்தத் தடவையும் போச்சுன்னா அவ்வளவுதான். கான்செப்ட்னா என்னன்னு ஒரு வார்த்தையில சொல்லிட்டீங்கன்னா அதைப் போட்டுட்டுப் போயிருவேன்.”

“கலெக்டர் ஆபீசுக்குப் போனீங்களா?”

“போனேனுங்க. காலேஜ் லெட்டரோட போனேன். பக்கத்து வாசல் வழியா உள்ளே கூட்டிட்டுப் போயி, டீ வாங்கிக் கொடுத்து, எல்லாம் காட்டினாங்க. இருநூறு போட்டோ எடுத்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துட்டேன்.”

“மனு கொடுக்கப் போகலையா?”

“எனக்கு என்ன குறைங்க மேடம்?”

“கட்டடத்தை அளக்க அனுமதி வேணும்னு எழுதுங்க. லெட்டர் வேண்டாம். கழுத்துல தொங்குற கார்டையும் கழட்டி வச்சிருங்க. திங்கட்கிழமை போங்க.”

திங்கட்கிழமை மனு நாள். மாவட்டத்தில் யாருக்கு என்ன குறையிருந்தாலும் அன்றைக்குக் கலெக்டரை நேரில் பார்த்துக் கொடுக்கலாம். அரசாங்கம் அதைச் சலுகை மாதிரி சொல்லும். வரிசையில் நின்றவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.

செங்கோடன் ஏழரை மணிக்கே போனார். பெரிய வாசலில் போலீஸ்காரர்கள் பைகளைத் திறந்து பார்த்தார்கள். ஒவ்வொருவர் தண்ணீர் பாட்டிலையும் மூடி திறந்து மோந்து பார்த்தார்கள்.

“எதுக்குங்க மோந்து பார்க்கிறாங்க?” என்று பின்னால் நின்றவரைக் கேட்டார்.

“மண்ணெண்ணெயான்னு” என்றார் அவர், மணி கேட்டதற்குச் சொல்வது போல.

இருநூறு போட்டோவில் அந்த வாசல் ஒன்றில்கூட இல்லை என்பது செங்கோடனுக்கு நினைவு வந்தது.

எட்டு மணிக்கு டோக்கன் கொடுக்க ஆரம்பித்தார்கள். அவருக்கு நூற்றுப் பத்தொன்பது கிடைத்தது. பெரிய கூடத்தில் நாற்காலிகள் நிறைந்து, சுவரோரம் நிறைந்து, படியும் நிறைந்திருந்தது. கோடியில் கலெக்டர் உட்காரும் மேடை. மேடையோரம் மைக்கோடு நின்ற டபேதார் நம்பரும் பெயரும் கூப்பிடுவார். மூன்று தரம் கூப்பிட்டு ஆள் வராவிட்டால் அந்த டோக்கன் கடைசிக்குப் போய்விடும்.

அவருக்கு முன்னால் நூற்றுப் பதினெட்டு. ஐம்பது வயதுக்கு மேலிருக்கும் ஒரு பெண்மணி. பாவாயி என்று பெயர். தோட்டத்துக்குப் போகும் பாதையைப் பக்கத்துக் காட்டுக்காரர் வேலி போட்டு அடைத்துவிட்டாராம்.

“இது ஏழாவது தரம் தம்பி. ஒவ்வொரு தரமும் சீட்டு வருது. உரிய நடவடிக்கை எடுக்கப்படும்னு. சீட்டை வேலியில கட்டிப் பார்த்தேன். வேலி நகரலை.”

கூடத்தின் மூலையில் குடிநீர்க் குழாய் ஒன்று இருந்தது. பளபளவென்று புதிதாக. பங்குனி வெயில். மின்விசிறிகள் சூட்டைத்தான் சுற்றிவிட்டன. ஆனால் ஒருவரும் எழுந்துபோய்த் தண்ணீர் குடிக்கவில்லை. செங்கோடனுக்கு அது விளங்கவில்லை. தம் வரைபடத்தில் நான்கு இடத்தில் குடிநீர்க் குழாய் வைத்திருந்தார். அதில் அவருக்குப் பெருமையும் இருந்தது.

“தண்ணி வேணுங்களா அக்கா? பிடிச்சிட்டு வரட்டுமா?”

“ஐயோ, வேண்டாம் சாமி.” பாவாயி கையை ஆட்டினார். “குடிச்சாப் போகோணும். போனா நம்பர் போயிரும்.”

“கக்கூஸ் எங்கீங்க இருக்கு?”

“கஜானாவுக்குப் பின்னால, ஜீப்பு நிறுத்துற ஷெட்டுகிட்ட. பூட்டியிருக்கும். சாவி வாட்ச்மேன்கிட்ட. வாட்ச்மேன் எங்கிருக்காரோ.”

செங்கோடன் சுற்றிப் பார்த்தார். இப்போதுதான் கண்ணில் பட்டது. காலை மாற்றி மாற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வயிற்றுப் பிள்ளையோடு வந்த ஒருத்தி எழுந்து, நான்கு அடி வைத்து, டபேதாரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

பதினொன்றரை மணிக்கு நம்பர் நூறைத் தொட்டது. பாவாயி எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்து நின்றார்.

“தம்பி, இதுக்கு மேல ஆவாது. ஓடிப் போயிட்டு ஓடியாந்தர்றேன். கூப்பிட்டாச் சொல்லுவீங்களா?”

“போயிட்டு வாங்கக்கா. நான் பார்த்துக்கிறேன்.”

அவர் போன பிறகுதான் நம்பர்கள் வேகமெடுத்தன. பத்துப் பேர் ஒரே ஊர், ஒரே மனு. ஒன்றாகக் கொடுத்துவிட்டு இறங்கினார்கள்.

“நூத்திப் பதினெட்டு! பாவாயி!”

“இருக்காங்க! வர்றாங்க!” என்றார் செங்கோடன்.

“நூத்திப் பதினெட்டு! பாவாயி!”

“வர்றாங்கய்யா, ஒரு நிமிஷம்!”

“ஆளைக் கேட்டா நீ எதுக்குக் கத்தறே? எங்கே போயிருக்கு அது?”

“கக்கூசுக்குப் போயிருக்காங்க.”

கூடம் சிரித்தது. டபேதாரும் சிரித்தார்.

“அது கக்கூசு முடிச்சு வர்ற வரைக்கும் கலெக்டர் ஐயா காத்திருக்கோணுமா? நூத்திப் பதினெட்டு மூணாந்தரம். கடைசிக்குப் போட்டுரு.”

பதினெட்டு வருடம் கார் கண்ணாடிக்கு வெளியே நின்று கேட்டுப் பழகிய குரல்தான் அது. செங்கோடன் எழுந்தார். கால்களைத் தாண்டி, பைகளைத் தாண்டி மேடையோரம் போனார்.

“ஏழாவது தரம் வந்திருக்காங்க. கடைசிக்குப் போடாதீங்க. நூத்திப் பத்தொன்பது நானுங்க. என் டோக்கன்ல அவங்க போகட்டும். அவங்களோடதுல நான் கடைசிக்குப் போறேன்.”

“கடைசின்னா முந்நூத்தி நாப்பதுக்கு அப்புறம் தெரியுமா?”

“போறேனுங்க.”

டபேதார் தோளைக் குலுக்கிவிட்டு எழுதிக்கொண்டார்.

பாவாயி ஓடி வந்தார். முகம் கழுவியிருந்தார். தோள்கள் இறங்கியிருந்தன. தலையில் வைத்த சுமையை இறக்கிவிட்டு வந்தவர் மாதிரி மூச்சு விட்டார்.

“கூப்பிட்டாங்களா தம்பி?”

“இல்லீங்கக்கா. இப்பத்தான் கூப்பிடப் போறாங்க. இந்தாங்க, இந்த டோக்கனைப் பிடிங்க.”

பாவாயி மேடைக்குப் போனார். அரை நிமிடத்தில் இறங்கினார். போகும் வழியில் குழாயில் வாய் வைத்து, வயிறு முட்டத் தண்ணீர் குடித்தார்.

“என்ன சொன்னாங்கக்கா?”

“சீட்டு வருமாம்” என்று சொல்லிவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

செங்கோடன் கடைசிக்குப் போய் உட்கார்ந்தார். நான்கரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவருக்கும் முட்டிக்கொண்டு வந்தது. அவரும் எழவில்லை. அவர் முறை வந்தபோது கலெக்டர் கூட்டத்துக்குப் போய்விட்டிருந்தார். யாரோ ஒரு அதிகாரி மனுவைப் படிக்காமலே சீல் வைத்து வாங்கிக்கொண்டார்.

மறுநாள் ஷமீமா கேட்டார். “அளந்தீங்களா?”

“இல்லீங்க. அனுமதி வரலை.”

“கையில என்ன?”

மனுவின் ஜெராக்ஸ் பிரதி. அதன் பின்பக்கம் முழுக்கப் பேனாவால் கிறுக்கியிருந்தது. ஒரு கூடம். கூடத்தில் டோக்கன் நம்பர் போட்ட நாற்காலிகள். எழுந்து போனாலும் அந்த நாற்காலி அவருடையதுதான். இரண்டு பக்கமும் கழிப்பறைகள். எந்த நாற்காலியிலிருந்தும் இருபது அடிக்கு மேல் இல்லை. உள்ளேயும் நம்பர் தெரியும், உள்ளேயும் கூப்பிடுவது கேட்கும். கூப்பிட்டால் கை கழுவிக்கொண்டு வருவதற்குள் நம்பர் போகாது. துறைகளெல்லாம் கூடத்தைச் சுற்றி நெருங்கி வந்து நின்றன, இவர்களைத் தேடி வந்தவை போல.

ஷமீமா வெகுநேரம் பார்த்தார். மேசை இழுப்பறையைத் திறந்து, பிரிக்காத டிரேசிங் தாள் சுருள் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த மாணவரைக் கூப்பிட்டார்.

இரண்டு மாதம் செங்கோடன் வரைந்தார். சாய்தளம், காற்று, வெயில், வடிகால் எல்லாம் ஒன்றையொன்று தள்ளி இடம் பிடித்தன. முடிந்தபோது கட்டடம் மேலிருந்து பார்க்க எதைப் போலவும் இல்லை. கை தவறிக் கீழே விழுந்த வெல்லக்கட்டி மாதிரி இருந்தது.

“முதல் தாள்ல என்னங்க போடட்டும் மேடம்?”

“அதுல இப்ப என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்லீங்க.”

“சரி” என்றார் ஷமீமா. வகுப்புக்கு மணி அடித்தது, போய்விட்டார்.

எது சரி? செங்கோடன் தாளை மேசைமேல் விரித்தார். வெல்லக்கட்டி என்று பென்சிலால் எழுதினார். அழித்தார். கூடு என்று எழுதினார். நன்றாகத்தான் இருந்தது. தேர்வாளர்களுக்குப் பிடிக்கும். பிறகு பாவாயி ஓடிப்போன ஓட்டம் நினைவு வந்தது. அதையும் அழித்தார்.

ஜூரி சனிக்கிழமை நடந்தது. தலைமைத் தேர்வாளர் சென்னையிலிருந்து வந்த கோதண்டம். பெரிய பெயர். பெரிய கோபக்காரர். காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தவர் எழவே இல்லை. ஒவ்வொரு மாணவர் முறையிலும் அவருக்கு ஒரு தேநீர் வந்தது. செங்கோடன் முறை வந்தபோது மணி இரண்டு. வழிகாட்டிகள் பேசக் கூடாது என்பது விதி. ஷமீமா கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

முதல் தாள் வெள்ளையாகத் தொங்கியது.

“இது என்ன?” என்றார் கோதண்டம்.

“கான்செப்ட் தாளுங்க சார்.”

“காலியா இருக்கே.”

“எழுதிப் பார்த்தேனுங்க. எழுதினதெல்லாம் பொய்யா இருந்துச்சு.”

தேர்வாளர்கள் பக்கத்தில் இருந்த கல்லூரித் துறைத்தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். போன வருடத்துச் சிவப்பு மை செங்கோடன் கண்முன் வந்தது. இனி மறைக்க ஒன்றுமில்லை என்று தோன்றியது. மண்ணெண்ணெய், டோக்கன், டபேதார், பாவாயி, குடிக்காத தண்ணீர் எல்லாவற்றையும் நடந்தபடியே சொன்னார். எந்த நாற்காலியிலிருந்து எத்தனை அடி என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினார்.

“அதெல்லாம் சரிப்பா” என்றார் இன்னொரு தேர்வாளர். “ஆட்சியர் அலுவலகம்னா ஒரு கம்பீரம் வேண்டாமா? இதுல கம்பீரம் எங்கே?”

“கம்பீரம் மேடை மேல நிறைய இருந்துச்சுங்க சார். கீழே உட்கார்ந்திருந்தவங்ககிட்டத்தான் இல்லை. அவங்க காலை இறுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க.”

கோதண்டம் வலது கால்மேல் போட்டிருந்த இடது காலை எடுத்தார். இடது கால்மேல் வலது காலைப் போட்டார். அதையும் எடுத்தார். துறைத்தலைவர் பக்கம் திரும்பினார்.

“இங்கே டாய்லெட் எங்கே இருக்கு?”

அந்தக் கல்லூரிக் கட்டடம் சங்கு வடிவத்தில் கட்டப்பட்டது. அதற்காகப் பரிசு வாங்கிய கட்டடம்.

“சங்கோட அந்த முனையில சார்” என்றார் துறைத்தலைவர், தாழ்ந்த குரலில்.

“எவ்வளவு தூரம்?”

யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. செங்கோடனுக்குத் தெரிந்திருந்தது. சொல்லவில்லை.

கோதண்டம் எழுந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். “இதுல ஒருத்தரும் உட்காராதீங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். முதலில் நடந்தார். வராந்தா திரும்பும் இடத்தில் அவர் செருப்புச் சத்தம் ஓட்டமாக மாறியது எல்லாருக்கும் கேட்டது. ஒரு பெண்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டாள்.

பதினோரு நிமிடம் ஆனது.

திரும்பி வந்தவர் முகம் கழுவியிருந்தார். தோள்கள் இறங்கியிருந்தன. அந்த முகத்தைச் செங்கோடன் ஏற்கெனவே பார்த்திருக்கிறார். பயம் அவரைவிட்டு அந்த நொடியே போனது.

கோதண்டம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரைபடத்தின் முன் வந்து நின்றார். இந்த முறை கிட்டே வந்து நின்றார்.

“நடுக்கூடம் திறந்திருக்கு. மழை பெய்ஞ்சா தண்ணி எப்படி வடியும்? இத்தனை கழிப்பறைக்குக் குழாய் சரிவு கிடைக்குமா? அடைச்சுக்கிட்டா எங்கே திறந்து சுத்தம் பண்ணுவே?”

“அதைக் கேளுங்க சார்” என்றார் செங்கோடன். பதினெட்டு வருடமும் அவர் நாக்கில் வந்து உட்கார்ந்தது. அரை மணி நேரம் பேசினார். கோதண்டம் இடையிடையே மறித்தார், திட்டினார், ஓரிடத்தில் பென்சிலை வாங்கித் திருத்தினார். ஓரிடத்தில் திருத்தியதைச் செங்கோடன் மறுத்தார். அவர் மறுத்தது சரியாக இருந்தது. கோதண்டம் தன் கோட்டைத் தானே அழித்தார்.

கடைசியில் மதிப்பெண் தாளில் கையெழுத்துப் போட்டார். துறைத்தலைவர் எட்டிப் பார்த்து, “பாஸ்” என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

செங்கோடன் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் ஓடி வந்து தூக்கினார்கள். “சித்தப்பா பாஸு!” என்று கத்தினார்கள். அவர் எடை தாங்காமல் இரண்டு முறை கீழே போட்டார்கள். வலிக்கவில்லை. ஒரு வருடமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் உருண்டு போயிருந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எதையும் அடக்கவில்லை.

மாலையில் கல்லூரி காலியானது. ஜூரி முடிந்ததும் மாடல்களைக் கேண்டீனுக்குப் பின்னால் குவித்துவிட்டுப் போவது அங்கே வழக்கம். நத்தைகளும் தாமரைகளும் ஓடங்களும் குவியலாகக் கிடந்தன. செங்கோடன் தன் மாடலைத் தலைமேல் தூக்கிக்கொண்டு, வரைபடச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பாட்டு முனகியபடி வந்தார். வண்டி நிறுத்துமிடத்துக்குப் போகும் வழியில் ஷமீமா அவரைப் பார்த்து நின்றார்.

“என்ன பண்றீங்க?”

“முடிஞ்சுதுங்க மேடம்!” செங்கோடன் முகமெல்லாம் பல்லாக இருந்தது. “எல்லாரும் இங்கேதானுங்க போடுவாங்க. வீட்டுல வைக்க இடமில்லை.”

ஷமீமா தலையசைத்தார். செங்கோடன் மாடலைக் குவியலின் மேல் வைத்தார். வைத்துவிட்டுத் தயங்கினார்.

“மேடம், ஒண்ணு கேட்கட்டுங்களா? இனிக் கேட்டாலும் மார்க்குக்கு ஒண்ணும் ஆகாது. கான்செப்ட்னா என்னன்னு கடைசி வரைக்கும் நீங்க சொல்லவே இல்லையே.”

ஷமீமா ஸ்கூட்டர் சாவியைப் பையில் போட்டார். குவியலருகே போய் அந்த மாடலை எடுத்தார். அதில் ஒட்டியிருந்த தூசியைத் துப்பட்டாவால் துடைத்தார். செங்கோடன் கைகளில் அதைத் திருப்பி வைத்தார்.

“திங்கட்கிழமை எட்டு மணிக்கெல்லாம் டோக்கன் கொடுக்க ஆரம்பிச்சிருவாங்க” என்றார்.